ரெண்டாவது கியர்

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கே மஜீது வீட்டுக்கு வந்துவிட்டார். வேலைக்குப் போன நாளில் அந்த நேரத்துக்கு அவர் தண்டையார்பேட்டைத் தெருவில் தலைகாட்டியதே கிடையாது. தாஹிரா மோட்டார் மெஷினில் புர்காவுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் செருப்பு ஒன்று நேராகவும் ஒன்று கவிழ்ந்தும் விழுவதைப் பார்த்ததும் மிதியிலிருந்து காலை எடுத்தாள்.

"இன்னா, ஒடம்பு சரியில்லியா?"

அவர் குடத்தில் சொம்பை விட்டு மொண்டு, நின்றபடியே குடித்தார். தண்ணீர் தாடி வழியாக வழிந்து சட்டையை நனைத்தது.

"உங்களத்தாங்க கேக்கறேன்!"

"சாவிய மேச மேல வுட்டெறிஞ்சிட்டு வந்துட்டேன். இனிமே அந்த ஆபீஸ் படி ஏறமாட்டேன்."

பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துச் சொல்வதுபோல் சொன்னார். கொஞ்ச நாளாகவே அவர் பேச்சு அப்படித்தான். உப்பு கேட்பதைக்கூடக் கத்தித்தான் கேட்பார். ஐம்பத்து மூன்று வயசில் ஆம்பளைக்குக் கோபம் கூடுகிறது என்று தாஹிரா நினைத்துக்கொண்டிருந்தாள்.

ராயபுரத்தில் ஞானதுரை என்பவர் கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்கிற கம்பெனி வைத்திருக்கிறார். காய்கறி, கறி, மளிகை, கயிறு, பெயின்ட், என்ன கேட்டாலும் கப்பல் புறப்படுவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மஜீது அங்கே நாலு வருஷமாக டிரைவர். அதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் எண்ணூரில் ஒரு இரும்புப் பட்டறையில் தகடு தட்டினார். பட்டறையை மூடியதும் ஸ்டியரிங்கைப் பிடித்தவர், முதலில் கம்பெனியின் டீசல் வேனை ஓட்டினார். வேனை விற்றுவிட்டார்கள். அந்தச் சமயம் பார்த்து பீம்ராவ் என்கிற பழைய டிரைவரும் மகனோடு இருக்கப் புனேவுக்குப் போய்விட்டார். பீம்ராவ் ஓட்டிய சின்ன பெட்ரோல் கார் மஜீது கைக்கு வந்தது. வெள்ளைக் கார். ஆறு மாசமாகிறது.

"திருமுருகன் கீறான்ல, மேனேஜரு" என்றார் மஜீது. "மூட்ட தூக்கறவங்க, பில்லு போடற பொண்ணுங்க, அல்லாரும் நிக்கறாங்க. அவங்க முன்னால கேக்கறான். 'பாய், பீம்ராவ் ஓட்டும்போது லிட்டருக்குப் பதினேழு, பதினெட்டு குடுத்துச்சு. நீங்க ஓட்னா பதினொண்ணுதான் குடுக்குது. மீதி எங்க போவுது? ராவுல டியூப் வெச்சு உறியறீங்களா?'ன்றான்."

தாஹிராவுக்குக் காது மடல் சுட்டது.

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"இன்னா?"

"நீங்க இன்னா சொன்னீங்கன்னேன்!"

"இன்னாத்த சொல்றது? நா திருடன்னா சாவி எதுக்குன்னு போட்டுட்டு வந்துட்டேன்."

அன்று ஜும்ஆவுக்குப் போனவர் மூன்று மணிவரை பள்ளிவாசலிலேயே உட்கார்ந்திருந்தார். சோறு ஆறிப்போயிற்று. நாலு மணிக்கு அவருடைய செல் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். கோபத்தில் எடுக்கவில்லை என்று நினைத்து தாஹிராதான் எடுத்தாள்.

ஞானதுரை பேசினார். தூத்துக்குடியிலிருந்து முப்பது வருஷத்துக்கு முன்னால் வந்தவர், பேச்சில் அந்த ஊர் இன்னும் ஒட்டியிருந்தது.

"அந்தப் பய வாய விட்டுட்டான்மா. நான் ஏசிட்டேன். ஆனா வண்டி பெட்ரோல் குடிக்கதும் நெசந்தானம்மா? நானும் என்னன்னுதான் நெனைக்கட்டும்?"

தாஹிரா தனக்கே தெரியாமல் எழுந்து நின்றிருந்தாள்.

"சார், ஒண்ணு பண்ணுங்க. டேங்க வாய் வரைக்கும் நெப்புங்க. இவரு ஓட்டட்டும். திருமுருகன் தம்பி பக்கத்துல குந்தட்டும். எவ்ளோ தூரம் வேணா போங்க. நானும் வருவேன், எம் பொண்ணும் வருவா. திருட்டுப் பட்டம் எங்க மூணு பேருக்குந்தான் சார் குடுத்துகீறாரு. யாரு உறியறான்னு அல்லாரும் பாக்கலாம்."

"ஞாயித்துக்கிழம காலைல வாங்க" என்றார் ஞானதுரை.

ஞாயிறு காலை ஆறே முக்காலுக்கு ராயபுரம் பங்க்கில் கார் நின்றது. கத்திரி முடிந்து பத்து நாளாகியும் வெயில் இறங்கவில்லை, அந்த நேரத்துக்கே கழுத்து கசகசத்தது. காசிமேட்டுப் பக்கமிருந்து மீன் ஏற்றிய வண்டிகள் தண்ணீர் சொட்டச் சொட்டப் போயின. தாஹிரா பெட்ரோல் போடுகிற குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். டேங்க் நிரம்பி அது தானாக 'டக்'கென்று நின்றது. திருமுருகன் மறுபடியும் அழுத்தச் சொன்னான். மறுபடி 'டக்'. அவன் மூடியைத் திருகி, மேலே வெள்ளை பிளாஸ்டரைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டி, அதன்மேல் பேனாவால் கையெழுத்தும் போட்டான். முப்பது வயசு இருக்கும், பொறுப்பான பையன்தான்.

"சீல் வெச்சாச்சு பாய்" என்றான்.

"என் வாய்க்கும் ஒண்ணு ஒட்டிடு, உறிஞ்சிடப்போறேன்" என்றார் மஜீது.

மகள் உமைமா சிரித்துவிட்டாள். இருபத்திரண்டு வயசு, மாதவரத்தில் ஒரு மருந்துக் கிடங்கில் வேலை. நேற்று முழுக்க அவள் கார் ஏன் இப்படிப் பெட்ரோல் குடிக்கிறது என்றுதான் செல்லில் தேடிக்கொண்டிருந்தாள்.

திருமுருகன் முன்னால் ஏறினான். தாஹிரா மஜீதுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள், பக்கத்தில் உமைமா. பொன்னேரி வரை போவது, அங்கே மறுபடி நிரப்பிப் பார்ப்பது, திரும்பி வருவது என்று ஏற்பாடு.

ஆறு மாசத்தில் இந்தக் காரில் அவள் ஏறுவது இதுதான் முதல் தடவை. கம்பெனி வண்டியில் பெண்டாட்டியை ஏற்றமாட்டார் மஜீது. அவர் ஓட்டுவதைப் பின்னாலிருந்து பார்க்க அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. முதுகு நிமிர்ந்திருந்தது. கண் ஒரு இடத்தில் நிற்கவில்லை. இடது கண்ணாடி, நடுக் கண்ணாடி, வலது கண்ணாடி, ரோடு, மறுபடி இடது என்று சுற்றிக்கொண்டே இருந்தது. குழிகளை எல்லாம் பெயர் தெரிந்தவர் மாதிரி ஒதுக்கினார். கடலோரமாகத் திருவொற்றியூரை நோக்கி வண்டி போயிற்று. ஒரு பக்கம் கருங்கல் கொட்டிய கரை, இன்னொரு பக்கம் துறைமுகத்துக்குப் போகக் காத்து நிற்கிற கன்டெய்னர் லாரிகள்.

வரிசை முடிந்து ரோடு காலியானதும் அவர் வண்டியை விரட்டினார். அப்போதுதான் அந்தச் சத்தம் எழுந்தது.

முதலில் வெளியே ஏதோ என்று நினைத்தாள். பிறகு காலுக்கடியில் வருகிறது என்று தெரிந்தது. எஞ்சின் ஏறிக்கொண்டே போயிற்று. உறுமல் கத்தலாகி, கத்தல் கீச்சென்று ஆகி, இதற்கு மேல் போனால் ஏதோ அறுந்துவிடும் என்கிற இடத்துக்கு வந்தது. மஜீது நிதானமாக உட்கார்ந்திருந்தார். அப்புறம்தான், மெதுவாக, கியரை மாற்றினார். சத்தம் தொப்பென்று விழுந்தது. விழுந்த வேகத்தில் மறுபடி ஏற ஆரம்பித்தது.

இருபது வருஷமாகத் தையல் மோட்டார் மெஷினோடு இருப்பவள் தாஹிரா. நூல் சிக்கினால், ஊசி தடித்த துணியில் மாட்டினால், மோட்டார் எப்படி முனகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். இந்த எஞ்சின் விடச்சொல்லிக் கெஞ்சியது. இது ஏன் இவருக்குக் கேட்கவில்லை?

"உமா, முள்ளு எவ்ளோல கீது?" என்று மகளின் காதில் கேட்டாள்.

உமைமா எட்டிப் பார்த்தாள். "நாப்பத்தி நாலும்மா. இன்னும் ரெண்டாவது கியர்லயே போய்கினுகீறாரு. செல்லுல போட்டிருந்தது, சின்ன பெட்ரோல் வண்டின்னா இருபதுல ரெண்டு, முப்பதுல மூணு, நாப்பத்தஞ்சு வந்தா நாலுன்னு."

திருமுருகன் செல்லில் யாருடனோ பேசிக்கொண்டு வந்தான். அவனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. வண்டி என்றால் கத்தத்தான் கத்தும் என்று நினைத்திருக்கலாம்.

சாத்தாங்காடு தாண்டி மணலி புதுநகரை நெருங்கும்போது பின்னால் ஒரு டிரெய்லர் வந்தது. அதன் டிரைவர் காற்று ஹாரனை வைத்து அடித்தான். கார்க் கண்ணாடி அதிர்ந்தது. திருமுருகன் செல்லைக் கீழே போட்டான். மஜீது அசையவில்லை. மறுபடி அடித்தான்.

"அத்தா!" என்று உமைமா அவர் தோளைத் தட்டினாள்.

அவர் கண்ணாடியைப் பார்த்தார். பார்த்த கணமே அழகாக இடதுபக்கம் ஒதுங்கினார். டிரெய்லர் பெருமூச்சுவிட்டுக் கடந்து போயிற்று.

"பாய், ஹாரன் கேக்கலியா?" என்றான் திருமுருகன்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு. அவுனுக்கு இன்னா அவ்ளோ அவசரம்?"

அது பொய் என்று தாஹிராவுக்குத் தெரிந்தது. அவர் பொய் சொல்லும்போது வலது கை மீசைக்குப் போகும். போயிற்று. அதோடு ஆறு மாசமாக வீட்டில் நடந்ததெல்லாம் அவளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. டிவியைப் பக்கத்து வீட்டுக்காரி வந்து குறைக்கச் சொன்னது. குக்கர் ஏழு விசில் அடித்துப் பருப்பு குழைந்தபோது அதன் பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்தது. செல்லை எடுக்காதது. எதைக் கேட்டாலும் "இன்னா?" என்றது. அதற்கெல்லாம் கோபம், திமிர், வயசு என்று அவள் வேறு வேறு பெயர் வைத்திருந்தாள்.

பொன்னேரி பங்க்கில் திருமுருகன் பிளாஸ்டரைப் பரிசோதித்தான். கையெழுத்து கலையவில்லை. பிரித்து, 'டக்'கென்று நிற்கும்வரை நிரப்பச் சொன்னான். மீட்டரில் மூன்று லிட்டரும் சொச்சமும் ஓடியிருந்தது. வந்த தூரம் முப்பத்துநாலு கிலோமீட்டர். செல்லில் வகுத்துப் பார்த்தான்.

"பதினொண்ணு புள்ளி ரெண்டு" என்றான். முகம் சின்னதாகிவிட்டது. "அப்போ நெஜமாவே வண்டிதான் குடிக்குது. பாய், மனசுல வெச்சுக்காதீங்க. எஞ்சின்ல இன்னாவோ கோளாறு. நாளைக்கு மெக்கானிக்குகிட்ட வுட்டுடலாம்."

"அதத்தான் நா அன்னிக்கே சொன்னேன்" என்றார் மஜீது. அன்றைக்கு அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மூன்று நாளாகக் கல்லாக இருந்த முகம் இளகிவிட்டது. "வா, நாஷ்டா துண்ணலாம்."

பக்கத்திலேயே ஒரு சின்னக் கடையில் இட்லியும் வடகறியும் சுடச்சுடக் கிடைத்தது. மஜீது ஆறு இட்லி சாப்பிட்டார். தாஹிராவுக்கு ஒன்றுகூட இறங்கவில்லை. திருமுருகனும் உமைமாவும் கை கழுவப் போனதும் அவள் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். வாயை முந்தானையால் மூடிக்கொண்டு, சாதாரணக் குரலில், "நாஷ்டா நல்லாகீதா?" என்று கேட்டாள்.

அவர் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க காதுல ஈ குந்திகீது" என்றாள்.

அவர் பிட்டுக்கொண்டே இருந்தார்.

அவள் முந்தானையை எடுத்தாள். அவர் நிமிர்ந்தார். அவள் கண்ணில் தண்ணீர் நிற்பதைப் பார்த்து, "இன்னாடி?" என்றார்.

"எத்தினி மாசமா கேக்கல?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். கை மீசைக்குப் போயிற்று, பாதியில் நின்றது.

"நீ நேரா பாத்துப் பேசுனா புர்யுது. சோத்துக் கை காதுல கொஞ்சம் வுயுது. இந்தக் காதுல ஒண்ணுமில்ல."

"எப்பலேர்ந்து?"

"பட்டறையிலயே ஆரமிச்சிருக்கும். சுத்தியல் சத்தம் மண்டக்குள்ள ஓடிகினேதான் கெடந்துச்சு. போன வருசந்தான் சுத்தமா அடச்சிகிச்சு." தம்ளரை உருட்டினார். "வேன் ஓட்டறப்போ ஒரு பேஜாரும் இல்ல தாயிரா. டீசல் வண்டி ஒடம்ப ஒலுக்கும். ஸ்டியரிங்க புடிச்சா உள்ளங்கையிலயே தெர்யும், இப்ப மாத்துடான்னு. இது பெட்ரோல் வண்டி, பட்டு மாதிரி போவுது. கைல ஒண்ணும் தெர்யமாட்டுது. நா குத்துமதிப்பா மாத்தறேன்."

"ஹாரனு?"

"கண்ணாடியில பாத்துக்கறேன்ல?"

"இப்ப பாத்தீங்களா?"

அவர் இட்லித் தட்டைத் தள்ளி வைத்தார்.

"போய் சொல்லிடலாங்க அந்த சாருகிட்ட."

"பைத்தியமா உனுக்கு? திருட்டுப் பட்டம் போயிடுச்சு. வண்டி மேல பழி வுயுந்துகீது, அது பாட்டுக்கு இருக்கட்டும். திருடன்னா கூட ஒரு ஊர் தாண்டி இன்னொரு எடத்துல ஸ்டியரிங்க குடுப்பான். செவுடனுக்கு எவன் குடுப்பான்?"

"மெக்கானிக்கு பாத்துட்டு வண்டி நல்லாகீதுன்னு சொல்லிட்டான்னா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். இருபத்தைந்து வருஷத்தில் அவரை அப்படி அவள் பார்த்ததில்லை. பட்டறையை மூடியபோதுகூட நிமிர்ந்துதான் வீட்டுக்கு வந்தார். தாஹிராவுக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் வேறு ஏதோ வந்தது. ஒரு வேகம். கத்தரிக்கோலைக் கையில் எடுத்ததும் துணியில் கோடு தெரியுமே, அதுபோல என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தது.

"எனுக்குக் கேக்குதுங்க" என்றாள், அவர் முகத்துக்கு நேராக. "அந்த எஞ்சின் இன்னா சொல்லுதுன்னு எனுக்கு நல்லா கேக்குது. ஓட்ற கை உங்குளுது. கேக்கற காது என்னுது. ஒங்க தோள்ல கை வெச்சிக்கறேன். ஒரு அமுக்கு அமுக்குனா மேல் கியர். ரெண்டு அமுக்கு அமுக்குனா கீழ் கியர். பின்னால ஹாரன் அடிச்சா உமா தட்டிச் சொல்லுவா. இன்னா குடுக்குதுன்னு பாத்துடலாம்."

"உனுக்கு வண்டியப் பத்தி இன்னாடி தெர்யும்?"

"வண்டியப் பத்தித் தெர்யாது. மோட்டாரப் பத்தித் தெர்யும்."

கை கழுவி வந்த உமைமாவின் காதில் தாஹிரா விஷயத்தைச் சொன்னாள். கிளம்பினார்கள். தாஹிரா மஜீதின் இடது தோளில் கையை வைத்ததும் திருமுருகன் திரும்பிப் பார்த்தான்.

"அக்காவுக்குக் கார்னா பயமா?"

"ஆமாம்பா. புடிச்சிகினாதான் தைரியம்."

முதல் கியர். கார் நகர்ந்தது. சத்தம் எழுந்து ஒரு படி ஏறியதுமே அவள் அமுக்கினாள். ரெண்டாவது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஏறுகிறது, ஏறுகிறது, முனகல் கூர்மையாகப் போகிறது... அமுக்கினாள். மூன்றாவது. இப்போது கத்தலே வரவில்லை. எஞ்சின் தொண்டையைச் சரிசெய்துகொண்டு பேச ஆரம்பித்த மாதிரி இருந்தது. இன்னொரு அமுக்கு. நாலாவது. கடையிலிருந்து அரை ஃபர்லாங்கு வருவதற்குள் நாலு கியரும் விழுந்துவிட்டது. காலுக்கடியில் கார் மெத்தென்று ஓடியது.

"உமா, எவ்ளோ?"

"நாப்பத்தி ஆறு" என்றாள் உமைமா. "ம்மா, செல்லுல போட்டிருந்த மாதிரியே!"

மீஞ்சூர்ச் சந்தையில் கூட்டம். ரோட்டின் மேலேயே கூடைகள், நடுவில் ஒரு மாட்டு வண்டி. ரெண்டு அமுக்கு. மறுபடி ரெண்டு. ஊர்ந்து தாண்டி வெளியே வந்ததும் ஒன்று, ஒன்று, ஒன்று. முதல் நாலைந்து தடவை அவள் அமுக்கிய பிறகு அவர் கிளட்சை மிதிக்க ஒரு கணம் ஆயிற்று. பிறகு அந்த ஒரு கணமும் மறைந்தது. அவள் விரல் அழுந்துகிறபோதே அவர் தோள் இறங்கும், கியர் விழுந்திருக்கும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலையை இப்படிச் செய்ததே இல்லை என்று தாஹிராவுக்குத் தோன்றியது. நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கையை எடுக்க அவளுக்கு மனசில்லை.

நாப்பாளையம் ஆற்றுப் பாலம் வந்தது. முன்னால் கரி ஏற்றிய ஒரு லாரி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியது. மேட்டில் நாலு பேரைச் சுமந்துகொண்டு கார் வேகம் இழந்தது. ரெண்டு அமுக்கில் மூன்றாவதுக்கு இறக்கியும் போதவில்லை.

"முப்பத்தி ரெண்டு" என்று உமைமா முணுமுணுத்தாள். "மூணுலயே போலாம்மா. முப்பதுல மூணுன்னுதான் போட்டிருந்தது."

ஆனால் தாஹிராவுக்கு வேறு சத்தம் கேட்டது. கத்தல் இல்லை, அதற்கு நேர்மாறு. அடித்தொண்டையில் ஒரு முக்கல். தடித்த ஜீன்ஸ் துணியில் மெஷின் ஊசி ஏற முடியாமல் ஒவ்வொரு குத்தாகக் குத்துமே, அது. செல்லில் போட்டவனுக்கு இந்த மேடு தெரியுமா, நாலு பேர் கனம் தெரியுமா? ரெண்டு அமுக்கு, அழுத்தமாக. மஜீது ரெண்டாவதுக்கு இறக்கினார். கார் மூச்சை இழுத்துவிட்டு, ஒரே சீராக மேட்டின் உச்சிக்கு ஏறியது. உச்சியில் கொசஸ்தலை ஆறு ரெண்டு பக்கமும் வெயிலில் தகதகத்தது. அவள் உடனே ஒரு அமுக்கு அமுக்கினாள். அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கல்யாணமான புதிதில் இருந்த ஒரு குறும்பு இருந்தது.

"அத்தா, பின்னால லாரி. ஒதுங்குங்க" என்று உமைமா அவர் தோளைத் தட்டினாள்.

ஒதுங்கினார்.

"பாய் இப்ப ஓட்றது சூப்பரா கீது" என்றான் திருமுருகன், ஜன்னல் காற்றில் கண்ணைச் செருகிக்கொண்டு. "போறப்போ தல வலிச்சிது. இப்ப தூக்கம் வருது."

திருவொற்றியூரில் போகும்போது இருந்ததைவிட மூன்று மடங்கு நெரிசல். கன்டெய்னர் வரிசை ரோட்டை முக்கால்வாசி தின்றிருந்தது. ஒன்று, ரெண்டு, ஒன்று, ரெண்டு என்று ராயபுரம்வரை அவள் விரல்கள் ஓயவில்லை. பங்க்கில் கார் நின்றபோது உள்ளங்கை மரத்துப்போயிருந்தது.

பெட்ரோல் குழாய் உள்ளே போயிற்று. மீட்டர் ஓடியது. தாஹிராவும் உமைமாவும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு லிட்டர். ஒன்றரை. இதற்கே நிற்காதா என்று இருந்தது. ஒன்று எண்பது. ஒன்று தொண்ணூறு. 'டக்.'

திருமுருகன் மறுபடியும் அழுத்தச் சொன்னான். 'டக்.'

அவன் செல்லில் வகுத்தான். அழித்துவிட்டு மறுபடி வகுத்தான்.

"பதினேழு புள்ளி எட்டு." காரைப் பார்த்தான், மஜீதைப் பார்த்தான். "அதே வண்டி. அதே ரோடு. அதே பாய். இன்னா பாய் இது, மெர்சலாகீது?"

உமைமா கத்தியே விட்டாள். பெட்ரோல் போடுகிற பெண் திரும்பிப் பார்த்தாள்.

கப்பலுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஆபீஸ் வாசலில் லோடு ஏறிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை நின்ற அதே ஆட்கள், உருளைக்கிழங்கு மூட்டையோடு. ஞானதுரை சர்ச்சிலிருந்து நேராக வந்து, வெள்ளைச் சட்டையோடு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். திருமுருகன் ரெண்டு எண்ணையும் சொன்னான். ஞானதுரை நெற்றியைச் சுருக்கினார்.

"போகும்போது பதினொண்ணு, வரும்போது பதினெட்டா? என்னவே மாயம் பண்ணின?"

மஜீது தாஹிராவைப் பார்த்தார். அவள் வாயைத் திறக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். சொன்னால் அவர்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டாலும் சரி, அது அவர் இஷ்டம்.

அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நா திருடன் இல்ல சார்! எனுக்குக் காது கேக்கல!"

மெதுவாகத்தான் சொல்வதாக அவர் நினைத்திருக்க வேண்டும். தெருவின் அந்தக் கோடிவரை கேட்டது. மூட்டை தூக்கியவர்கள் மூட்டையோடு அப்படியே நின்றார்கள்.

"எஞ்சின் கத்தறது எனுக்குக் கேக்கல, அதான் லேட்டா மாத்தறேன். வரும்போது எம் பொஞ்சாதி கேட்டுச் சொன்னா. அவ தோள்ல அமுக்க அமுக்க நா கியர மாத்துனேன். அவ்ளோதான் சார் மாயம்!"

ஞானதுரை எழுந்துவிட்டார். முகம் சிவந்தது.

"அப்போ ஆறு மாசமா, ஹாரன் கேக்காமலா என் ஆளுகள ஏத்திக்கிட்டு எண்ணூர் ரோட்டுல போயிருக்க? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா?"

"தப்புதான் சார்."

"சாவியக் குடு."

மஜீது கொடுத்தார். தாஹிரா, நான்தானே தூண்டிவிட்டேன் என்று நினைத்தாள்.

ஞானதுரை சாவியைப் பையில் போட்டுக்கொண்டு மஜீதின் முகத்துக்கு நேராக வந்து நின்று, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. காதுக்கு மெஷின் வெச்சு, ஓட்டலாம்னு டாக்டர் எழுதிக் குடுத்தா இந்தச் சாவி உனக்குத்தான். அதுவரைக்கும் குடோன்ல நின்னு சரக்க எண்ணு. புரியுதா?"

"புர்யுது சார்."

திருமுருகன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "பாய், அன்னிக்கி இவங்க முன்னாலதான் கேட்டேன். இவங்க முன்னாலயே சொல்லிடறேன். தப்பு என்னுது."

"இன்னா?" என்றார் மஜீது, காதருகே கையை வைத்து.

"தப்பு என்னுதுன்னேன்!" என்று திருமுருகன் கத்தினான். மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்துவிட்டார்கள். முதல் தடவையே அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார் என்பது தாஹிராவுக்கு மட்டும் தெரிந்தது.

காது மெஷின் வர ஐந்து வாரம் ஆயிற்று. மூன்று தடவை போய் உட்கார்ந்து, கண்ணாடி அறைக்குள் சத்தம் கேட்கும்போதெல்லாம் கை தூக்கி, மறுபடி போய், கடைசியில் டாக்டர் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். மெஷினை வைத்துக்கொண்டு ஓட்டலாம். ஞானதுரை காகிதத்தை ரெண்டு முறை படித்தார். "மொதல்ல வீட்டு ஆளுகள வெச்சு ஓட்டிப் பாரு" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவியைக் கொடுத்தார்.

மணலி புதுநகரில் அகலமான, ஆளில்லாத ரோடுகள் உண்டு. முந்தைய நாள் பெய்த மழையில் புழுதி அடங்கியிருந்தது. தாஹிரா இந்தத் தடவை முன்னால் உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். மஜீது சாவியைத் திருப்பினார். எஞ்சின் முணுமுணுத்ததும் சாவியிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே இருந்தார்.

"இன்னாத்தா?" என்றாள் உமைமா.

"கம்னு இரு. கேக்க வுடு."

முதல் கியர். ரெண்டாவது. கார் வேகம் எடுத்தது. இருபத்தைந்து, முப்பது. மாற்ற வேண்டிய இடம் வந்தது. அவர் மாற்றவில்லை. முப்பத்தைந்து. எஞ்சின் உறுமியது. "மாத்துங்க" என்று சொல்ல வாயெடுத்த தாஹிரா அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். நாற்பது. நாற்பத்தைந்து. உறுமல் கத்தலாகி, கத்தல் கீச்சென்று ஆயிற்று. மஜீதின் கண் விரிந்துகொண்டே போயிற்று.

"தாயிரா... இதுவா? இப்டியா கத்திகினு இருந்துச்சு?"

"ஆமாங்க."

"ஆறு மாசமாவா?"

"ஆமா."

"அடப் பாவமே!" அவர் மூன்றாவதுக்குத் தள்ளினார். சத்தம் தணிந்தது. நாலாவது. கார் சொன்னபடி கேட்டு ஓடியது. ஈர ரோட்டில் டயர் சர்ரென்று போவதுகூடக் கேட்டது. அவர் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். அப்புறம் கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

"இன்னொரு தபா கேக்கலாமா?"

"பெட்ரோலு போவும்" என்றாள் தாஹிரா.

"போட்டும்!"

வேகத்தைக் குறைத்து ரெண்டாவதுக்கு இறக்கி, அழுத்தி மிதித்தார். எஞ்சின் கத்தியது. இந்தத் தடவை அதோடு சேர்ந்து காருக்குள் இருந்த மூன்று பேரும் கத்தினார்கள்.